புளிக்குப் பேர் வைத்தாச்சு, இனி அந்தப் பேரை எந்தப் பக்கம் கொண்டுபோவது?

பழையபேட்டை_புளி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்களுக்குப் புளி மண்டி. தாத்தா ஆரம்பித்தது. நான் பெங்களூரில் ஆறு வருஷம் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு முட்டி வலி அதிகமான பிறகு ஊருக்கு வந்தவன். வந்து நாலு வருஷம் ஆகிறது.

தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். தை பிறந்தால் சித்திரை வரைக்கும் எங்களுக்கு சீசன். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கமிருந்து பழம் வரும். ரோட்டோர மரங்களை ஏலம் எடுத்தவர்களும் கொண்டுவந்து போடுவார்கள். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுக்க வேண்டும். இதற்கு மெஷின் இருந்தாலும் எங்கள் தெருவில் இன்னும் பெண்கள் கல்லின் மேல் வைத்துக் கையால் தட்டுவதுதான். கொட்டை தனியாக மாவு மில்லுக்குப் போய்விடும். புளியை மூட்டை கட்டி கோல்டு ஸ்டோரேஜில் ஏற்றிவிடுவோம். வெளியில் வைத்தால் ஆடி தாண்டுவதற்குள் கறுக்க ஆரம்பிக்கும்.

சீசனுக்கு 200 டன் போல வாங்கி விற்கிறோம். எல்லாம் மூட்டை வியாபாரம். நான் வந்த பிறகு, அரை கிலோ, ஒரு கிலோ பாக்கெட் போட்டேன். ஒரு பேர் வைத்தேன் (இங்கே போடவில்லை, விளம்பரம் என்பீர்கள்). கவரின் முன்பக்கம் பெரிதாக அச்சடித்தது மூன்றே வரி: கொட்டை இல்லை. நார் இல்லை. உப்பு சேர்க்கவில்லை. முதல் வருஷம் 30 கடை. இப்போது கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர், மத்தூர், தர்மபுரி என்று 140 கடை. வருஷத்துக்கு 22 டன் பாக்கெட்டில் போகிறது. கிலோவுக்கு எல்லாச் செலவும் போக 22 ரூபாய் நிற்கிறது.

இப்போது எனக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது, மூன்றும் மூன்று பக்கம் இழுக்கிறது.

ஒரு சூப்பர் மார்க்கெட் குழுமம் மாதம் 6 டன் கேட்கிறது. ஆனால் கவரில் அவர்கள் பேர். கிலோவுக்கு 6 ரூபாய்தான் மிஞ்சும், பணம் 60 நாள் கழித்து.

பெங்களூரில் ஒரு கன்சல்டன்டைப் பார்த்தேன். 46 பக்கத்துக்கு பிராண்டு ஸ்ட்ராடஜி என்று ஒன்று போட்டுக் காட்டினார். சாம்பார் பொடி, ரசப்பொடி, கேழ்வரகு மாவு, மாங்காய் ஊறுகாய் என்று 14 அயிட்டம், எல்லாம் எங்கள் பேரிலேயே. புது லோகோ, புது கலர். கட்டணம் மூன்றரை லட்சம். அப்பாவுக்கு லேப்டாப்பில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரைக்கும் பார்த்துவிட்டு, "இதுல புளி எந்தப் பக்கத்துலடா வருது?" என்றார். 31ஆம் பக்கத்தில் வந்தது.

அப்பாவின் வழி மூன்றாவது: பாக்கெட்டை நிறுத்து, மூட்டையைப் பெரிசாக்கு. "வாங்குறவன் மூட்டைக்குள்ள கைவிட்டுப் பாத்து வாங்குறான். அவனுக்கு எதுக்குடா பேரு?"

அப்பா இப்படிச் சொல்வதற்கு நானே ஒரு காரணம் கொடுத்துவிட்டேன். போன கார்த்திகையில் எங்கள் ஸ்டோரேஜ் சரக்கு தீர்ந்துவிட்டது. கடைகளுக்கு இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. வெளி மண்டி ஒன்றில் 2 டன் வாங்கி எங்கள் கவரில் போட்டுவிட்டேன். சரியாகத் தட்டாத சரக்கு. 11 கடையிலிருந்து திரும்பி வந்தது. காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு அம்மா கவரில் இருந்த நம்பருக்குப் போன் செய்தார். "தம்பி, கொட்டை இல்லைன்னு போட்டிருக்கே, அதை நம்பித்தானே ஊற வெக்காம அப்படியே துவையலுக்கு மிக்சியில போட்டேன். கொட்டை பிளேடுல மாட்டி ஜாரே போச்சு." ஜாருக்குக் காசு அனுப்பினேன். அது பெரிய விஷயமில்லை. அவர் அடுத்து சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது: "கவர்ல ஒண்ணும் எழுதாம இருந்திருந்தா நான் கையால பாத்துத்தான் போட்டிருப்பேன்."

பெரிய கம்பெனிக்காரர்கள் பிராண்டை வைத்துத்தான் எதில் இறங்குவது, எதை விடுவது என்று முடிவெடுக்கிறார்கள் என்று படிக்கிறேன். 140 கடை வைத்திருக்கிறவன் அதை எப்படிச் செய்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பர்கூர்_ஜவுளி எழுதியது:

உங்க அப்பா சொல்றதுதான் சரி. எங்க பர்கூரில் வரிசையா ஜவுளிக் கடை. வெளியூர்க்காரன் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வேன் வைத்துக்கொண்டு வருகிறான். எந்தக் கடைக்குப் போகிறோம் என்று முடிவு பண்ணி வருவதில்லை, "பர்கூருக்குப் போறோம்" என்றுதான் வருகிறான். ஊர்தான் பிராண்டு. பழையபேட்டைப் புளிக்கும் அதுவே போதும். சூப்பர் மார்க்கெட் ஆர்டரைப் பிடிங்க, மாதம் 6 டன் சும்மா வராது. லோகோ, கலர் எல்லாம் காசு மிதமிஞ்சி இருக்கிறவங்க விளையாட்டு.

ஸ்டாக்கிஸ்ட்_61 எழுதியது:

தம்பி, நான் தர்மபுரியில் 27 வருஷம் ஸ்டாக்கிஸ்டாக, அதாவது கம்பெனிச் சரக்கை வாங்கிக் கடைகளுக்குப் போடுகிறவனாக இருந்தவன். சோப்பு, ஷாம்பூ, மசாலா, பிஸ்கட், ஒரு காலத்தில் பேட்டரி செல் வரைக்கும். 1991ல் ஒரு டிவிஎஸ் 50ல் முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி கட்டிக்கொண்டு பாலக்கோடு, காரிமங்கலம், மொரப்பூர் லைன் போவேன். பிராண்டு என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது விற்காமல் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிய ரிட்டர்ன் மூட்டைதான்.

பர்கூர்த் தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஜவுளியைப் பிரித்து, தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கலாம். மூட்டைப் புளியும் அப்படித்தான், கை போகும். பாக்கெட்டுக்குள் கை போகாது. கை போகாத இடத்தில்தான் பேருக்கு வேலை. அந்தக் காவேரிப்பட்டணத்து அம்மா உங்களிடம் சொன்னது இதைத்தான். கவரில் மூணு வரி எழுதினீர்கள், அதைப் படித்துவிட்டு அவர் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டார். ஊற வைக்கவில்லை, தடவிப் பார்க்கவில்லை. ஒரு வீட்டு அடுப்படியில் பழக்கத்தை மாற்ற எவ்வளவு பெரிய கம்பெனிகள் எத்தனை கோடி கொட்டுகின்றன தெரியுமா? நீங்கள் கவர் அச்சுக் கூலியில் செய்துவிட்டீர்கள். அப்புறம் 2 டன்னில் கெடுத்தும் கொண்டீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு கதை சொல்கிறேன். கடலூரில் சி.கே. ரங்கநாதன் 1983ல் 15,000 ரூபாய் போட்டு சிக் ஷாம்பூ ஆரம்பித்தார். சாஷேயில், அதாவது ஒரு தடவைக்கான சின்னப் பாக்கெட்டில், ஷாம்பூ போடுவதை அவர் அப்பாவே முன்னால் செய்துவிட்டார், வெல்வெட் என்று குடும்பத்திலேயே ஒரு ஷாம்பூ இருந்தது. இவர் தனியாக வந்து கிராமத்துக் கடைகளைப் பிடித்தார். காலி சாஷே ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் சும்மா என்று ஒரு திட்டம் வைத்தார். முதலில் எந்தக் கம்பெனி காலி சாஷேயானாலும் சரி. கொஞ்ச நாள் கழித்து, சிக் காலி சாஷே மட்டும்தான். இந்த இரண்டாவது படியைத்தான் யாரும் கவனிப்பதில்லை. முதல் படியில் ஊரெல்லாம் கையில் கொடுத்தார். இரண்டாவதில், கடையில் போய் "சிக் குடு" என்று வாய் திறந்து கேட்க வைத்தார்.

அதே கம்பெனி பின்னால் ஊறுகாய்க்கு வந்தபோது சின்னீஸ் என்று வேறு பேர் வைத்தது. சிக் ஊறுகாய் என்று வைத்திருந்தால் யார் நாக்கில் வைப்பார்கள்? தலைக்குத் தேய்க்கிற நினைப்புதானே வரும். அருண் ஐஸ்கிரீம் சந்திரமோகன் 1970ல் ராயபுரத்தில் 13,000 ரூபாயில் தொடங்கியவர். சென்னையில் பெரிய கம்பெனிகளோடு மோதிப் பார்த்துவிட்டு, அவர்கள் எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களுக்கு ஐஸ்கிரீமைக் கொண்டுபோனார். பால் விற்க வந்தபோது அருண் பால் என்றா வைத்தார்? ஆரோக்யா என்றார். குழந்தைக்கு வாங்கிக்கொடுக்கிற ஐஸ் வேறு, காலையில் காய்ச்சுகிற பால் வேறு. ஒரே முதலாளி என்பது நமக்குத்தான் தெரியும். வாங்குகிறவருக்கு அது இரண்டு வேலை.

ஆச்சி, சக்தி எல்லாம் ஒரே பேரில் எத்தனையோ பொடி விற்கிறார்களே என்று கேட்பீர்கள். அங்கே வேலை ஒன்றுதான்: வறுத்து அரைக்கிற பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஒரு ஸ்பூன் போடு. உங்கள் பேர் செய்கிற வேலை அது இல்லையே. நீங்கள் வறுக்கவும் இல்லை, அரைக்கவும் இல்லை. பொறுக்கி, தட்டி, சுத்தம் செய்து கொடுக்கிறீர்கள். சாம்பார் பொடியில் இறங்கினால் அந்த ஜாம்பவான்களோடு அலமாரியில் ஒரு சாண் இடத்துக்கு அடித்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் உங்கள் புளியை முன்னால் வைப்பார், பொடியைப் பின்னால் தள்ளுவார், ஆறு மாதத்தில் ரிட்டர்ன் மூட்டை கட்டுவார். நான் அப்படி எத்தனை மூட்டையை வேனில் ஏற்றியிருக்கிறேன்! ஒரு தடவை ஒரு ஊதுபத்திக்காரர் டீத்தூள் போட்டார். நல்ல டீதான். குடித்தவர்கள் எல்லாம் மல்லிகை வாசனை அடிக்கிறது என்றார்கள். அடிக்கவில்லை, சத்தியமாக அடிக்கவில்லை. பேர்தான் அடித்தது.

சரி, என்ன செய்யலாம்? கன்சல்டன்டுக்குக் கொடுக்கிற மூன்றரை லட்சம் இருக்கட்டும். முதலில் ஒன்று செய்யுங்கள். உங்கள் 140 கடையில் நல்ல ஓட்டமுள்ள ஐந்து கடைக்குப் போங்கள். மாதம் முதல் வாரத்தில் வீடுகளிலிருந்து சாமான் சீட்டு வரும் இல்லையா, அதைக் கடைக்காரர் கம்பியில் குத்தி வைத்திருப்பார். டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து அந்தச் சீட்டுகளைப் படியுங்கள். "புளி அரை கிலோ" என்று எத்தனை, உங்கள் பேர் எழுதி எத்தனை? அதைப் பார்க்காமல் எந்த ஸ்ட்ராடஜியும் பேசாதீர்கள்.

சூப்பர் மார்க்கெட் பற்றி ஒரே வார்த்தை. கொடுப்பதானால் வேறு தரம், வேறு விலை, வேறு கவர். உங்கள் பாக்கெட்டில் இருக்கிற அதே சரக்கை அவர்கள் பேரில் பத்து ரூபாய் குறைத்து விற்க நீங்களே வழி செய்துவிடாதீர்கள்.

ஓசூர்க்காரி எழுதியது:

ஸ்டாக்கிஸ்ட் ஐயா சொன்ன சாமான் சீட்டு யோசனையை எங்கள் ஆபீசில் சொன்னால் அதற்கு ஒரு ஏஜென்சியை வைத்து எட்டு லட்சம் பில் போடுவார்கள். நான் பெங்களூரில் ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் பிராண்டு பிரிவில் வேலை பார்க்கிறேன், தினமும் ஓசூரிலிருந்து போய்வருகிறேன்.

ஒரு இடத்தில் மட்டும் ஐயாவோடு முரண்படுகிறேன். வேறு பொருளுக்குப் போவதே தப்பு என்பதுபோல் தொனிக்கிறது. எங்கள் ஊர்க் கதையைப் பாருங்கள். டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984ல் டைட்டனைத் தொடங்கின. பேரிலேயே டாட்டா இண்டஸ்ட்ரீஸும் தமிழ்நாடும் இருக்கின்றன. தொழிற்சாலை ஓசூரில். எங்கள் தெருவில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் அங்கே ஷிஃப்ட் போனவர்கள். அப்போது நாட்டில் கடிகாரம் என்றால் எச்எம்டி, சாவி கொடுக்கிற கடிகாரம். இவர்கள் பேட்டரியில் ஓடுகிற குவார்ட்ஸ் மட்டும்தான் என்று முடிவெடுத்தார்கள். மணி பார்க்க ஒரு கருவி என்று விற்காமல், கல்யாணத்துக்குக் கொடுக்கிற பரிசாக விற்றார்கள். அப்புறம் விலை குறைந்ததற்கு சொனாட்டா, கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஃபாஸ்ட்ராக். இதுவரைக்கும் ஐயா சொன்ன கணக்குதான், வேலைக்கு ஒரு பேர்.

ஆனால் அதே கம்பெனி தொண்ணூறுகளில் நகைக்கு வந்தது, தனிஷ்க். கடிகாரத்துக்கும் நகைக்கும் என்ன சம்பந்தம்? முதலில் 18 காரட்டில் டிசைன் நகை போட்டார்கள். நம் வீட்டுப் பெண்கள் 18 காரட்டைத் தங்கம் என்றே ஒப்புக்கொள்வார்களா? அடகுக் கடையில் என்ன தேறும் என்றுதானே முதலில் கேட்பார்கள். நஷ்டம். பிறகு 22 காரட்டுக்கு வந்தார்கள், அதோடு காரட்மீட்டர் என்று ஒரு மெஷினைக் கடையில் வைத்தார்கள். நீங்கள் போட்டிருக்கிற நகையைக் கொடுத்தால், உரசாமல் உருக்காமல் எத்தனை காரட் என்று காட்டிவிடும். பரம்பரைக் கடையில் 22 என்று வாங்கியது 19, 20 என்று காட்டியபோது எத்தனை பேருக்கு முகம் மாறியிருக்கும்! அதற்கப்புறம்தான் தனிஷ்க் கால் ஊன்றியது. இன்றைக்கு அந்தக் கம்பெனிக்கு வருமானத்தில் பெரும்பங்கு நகையிலிருந்துதான், கடிகாரத்திலிருந்து இல்லை.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இதுதான். பொருள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வாங்குகிறவரின் சந்தேகம் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்கள் கவரைப் படிக்கும்போது, நீங்கள் புளி விற்பதாக எனக்குத் தெரியவில்லை. "இதை நீ பொறுக்க வேண்டாம், நான் பொறுக்கிவிட்டேன்" என்று விற்கிறீர்கள். நம் மாவட்டத்து அடுப்படியில் வேறு எதைப் பொறுக்குகிறோம்? கேழ்வரகு. என் மாமியார் வீடு பாலக்கோடு பக்கம், வாரத்தில் நாலு நாள் களிதான். மாவில் கொஞ்சம் மண் இருந்தால்கூடக் களி விழுங்கும்போது பல்லில் நறநற என்று தெரிந்துவிடும், அன்றைக்கு முழுக்க வீட்டில் அந்தப் பேச்சுதான். கல்லும் மண்ணும் இல்லாத கேழ்வரகை இந்தப் பேரில் போட்டால் நான் வாங்குவேன். அந்த 14 அயிட்டத்தில் 13ஐ அடித்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் யோசியுங்கள்.

ஸ்டாக்கிஸ்ட்_61 எழுதியது:

அம்மா, தங்கத்தைச் சோதித்துக் காட்டின கதை எனக்குத் தெரியாது, நல்ல கதை. ஆனால் டைட்டனுக்குப் பின்னால் டாட்டா நின்றது, தனிஷ்க் நஷ்டத்தைப் பல வருஷம் தாங்கியது. இந்தத் தம்பிக்குப் பின்னால் முட்டி வலியோடு அப்பா நிற்கிறார். கேழ்வரகு நல்ல யோசனைதான், மூணு வருஷம் போகட்டும்.

கணக்கர்_அரூர் எழுதியது:

நான் வரி கன்சல்டன்ட். கதை சொல்ல வராது, கணக்கு மட்டும்.

ஒன்று, உங்கள் பாக்கெட் 22 டன், கிலோவுக்கு 22 ரூபாய்: வருஷத்துக்கு 4 லட்சத்து 84 ஆயிரம். சூப்பர் மார்க்கெட் மாதம் 6 டன், வருஷம் 72 டன், கிலோவுக்கு 6 ரூபாய்: 4 லட்சத்து 32 ஆயிரம். மூன்று மடங்குக்கு மேல் சரக்கு தட்டி, அதைவிடக் குறைவாகச் சம்பாதிப்பீர்கள். அதோடு 60 நாள் கடன் என்றால் எப்போதும் 12 டன் அவர்கள் கையில் இருக்கும். கிலோ 150 என்று வைத்தாலும் 18 லட்சம் முடங்கும். அதற்கு வட்டி யார் கொடுப்பது? 6 ரூபாயில் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இரண்டு, கவரில் அவர்கள் பேர் பெரிதாக இருந்தாலும், பாக்கெட் போட்டவர் என்று உங்கள் முகவரியும் உணவு லைசென்ஸ் நம்பரும் பின்னால் இருக்கும். சரக்கில் குறை வந்தால் அதிகாரி உங்கள் கதவைத்தான் தட்டுவார். பேர் அவர்களுக்கு, பொறுப்பு உங்களுக்கு.

மூன்று, காய்ந்த புளிக்கு 2019 அக்டோபரிலிருந்து ஜிஎஸ்டி கிடையாது. சந்தோஷப்படாதீர்கள். விற்கும்போது வரி இல்லாததால், கவர் வாங்கும்போது நீங்கள் கட்டுகிற வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அது உங்கள் செலவோடு சேர்ந்துவிடும். அந்த 22 ரூபாயில் இதைக் கழித்தீர்களா என்று பாருங்கள். கேழ்வரகு மாவைப் பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டி விற்றால் 2022 ஜூலையிலிருந்து வரி உண்டு. வரி உள்ளதும் இல்லாததும் கலந்தால் கணக்கு இரண்டு மடங்கு வேலை.

நான்கு, இதை நீங்கள் கேட்கவே இல்லை: பேரை டிரேட்மார்க் பதிவு செய்தீர்களா? செய்யாத பேரை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் வளர்வது என்று பேசுவது, பட்டா இல்லாத நிலத்தில் மாடி கட்டுவது போல. தனி ஆள், சிறு நிறுவனம் என்றால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (பொருள் வகைக்கு) 4,500 ரூபாய். பதப்படுத்திய பழவகை 29ஆம் வகுப்பு, மாவு, மசாலா 30. விண்ணப்பம் ஏற்கப்பட்டு ஜர்னலில் வெளியான பிறகு நாலு மாதம், யாராவது ஆட்சேபித்தால் ஆட்சேபிக்கலாம். பதிவானால் 10 வருஷம், பிறகு புதுப்பிக்கலாம். பேர் வெறும் கிருஷ்ணகிரி என்றோ பழையபேட்டை என்றோ இருந்தால் ஊர்ப்பேர் என்று தள்ளிவிட வாய்ப்பு அதிகம். பர்கூர் ஜவுளி நண்பர் சொன்ன "ஊர்தான் பிராண்டு" என்பதில் இந்தச் சிக்கல் இருக்கிறது. ஊர்ப்பேர் எல்லோருக்கும் சொந்தம், நல்ல சரக்குக்காரனுக்கும் மட்ட சரக்குக்காரனுக்கும்.

பழையபேட்டை_புளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது, சீட்டு படித்துக்கொண்டிருந்தேன்.

பேர் பதிவு செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கணக்கர் ஐயா எழுதிய அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த நாளே தேடிப் பார்த்தேன், யாரும் எடுக்கவில்லை, 29ல் விண்ணப்பம் போட்டாயிற்று. கவர் வரியும் நான் கழிக்கவில்லை. 22 என்று நினைத்தது 20க்குக் கொஞ்சம் மேலே வருகிறது.

இனி சீட்டுக் கதை. ஐந்து கடை சொன்னீர்கள், ஆறு போனேன். பழையபேட்டையில் இரண்டு, காவேரிப்பட்டணத்தில் இரண்டு, மத்தூரில் ஒன்று, தர்மபுரியில் ஒன்று. முதல் கடைக்காரர் என்னை வரிக்காரன் அனுப்பினானா என்று சந்தேகப்பட்டார். இரண்டாவது கடையில் கம்பியில் குத்தின சீட்டு எதுவும் இல்லை, எல்லாம் வாட்ஸ்அப். அவர் போனையே கையில் கொடுத்துவிட்டார், பாதி வாய்ஸ் மெசேஜ். ஒரு பாட்டி "புளி போன தடவ குடுத்தது வேணாம்" என்று சொல்வதைக் கேட்டு எனக்குக் குப்பென்று வேர்த்தது. நல்லவேளை, அது எங்களுடையது இல்லை, லூஸ் புளி.

புளி என்று எழுதியிருந்த சீட்டு மொத்தம் 63. அதில் 50ல் வெறும் "புளி". எங்கள் பேர் எழுதியது 4. கப்பலே கவிழ்ந்த மாதிரி இருந்தது. மீதி 9 சீட்டுதான் விஷயம். நாலில் "கொட்டை இல்லாத புளி". ஐந்தில், மூன்று வேறு வேறு கடையில், "மிக்சி புளி".

நான் அந்த வார்த்தையை எங்கேயும் அச்சடிக்கவில்லை. விளம்பரம் செய்யவில்லை. காவேரிப்பட்டணத்துக் கடைக்காரரிடம் மிக்சி புளி என்றால் எதைக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். "உங்களுதுதான், வேற எதைக் குடுக்கறது? அதைத்தானே அப்படியே மிக்சியில போடறாங்க" என்றார். யார் முதலில் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. அந்த ஜார் போன அம்மாவாக இருந்தால் எனக்கு அதைவிட அவமானமும் இல்லை, பெருமையும் இல்லை.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தாத்தா காலத்தில் மூட்டையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு அனுப்புவாராம். சேலத்து லீ பஜாரில் "வட்டம் போட்ட மூட்டை வந்துச்சா?" என்று கேட்பார்களாம். "அதை நான்தான் நிறுத்தினேன். எழுபத்தஞ்சு மூட்டைக்கு வட்டம் போடறது வெட்டி வேலைன்னு" என்றார். பேர் எதற்கு என்று கேட்ட மனுஷன்!

எடுத்த முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன். கன்சல்டன்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்லவர்தான், 46 பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சூப்பர் மார்க்கெட்டிடம், கொட்டை கொஞ்சம் இருக்கும் புளி மட்டும், மாதம் 2 டன், 30 நாள் பணம் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. வராவிட்டாலும் சரி. கார்த்திகையில் சரக்கு தீர்ந்தால் கடையில் இல்லை என்றே சொல்வது, வெளிச் சரக்கு எங்கள் கவருக்குள் போகாது. இதை மட்டும் ஒரு அட்டையில் எழுதி பேக்கிங் டேபிளுக்கு மேலே ஒட்டிவிட்டேன். கொட்டை தட்டுகிற அக்காக்களுக்குக் கிலோவுக்குக் கூலி கொஞ்சம் ஏற்றி, தட்டினதை இன்னொருவர் தடவிப் பார்ப்பது என்று ஒரு ஆள் கூட்டியிருக்கிறேன். அதில் கிலோவுக்கு 2 ரூபாய் போகிறது. 200 கிராமில் ஒரு சின்ன பாக்கெட், முன்பக்கம் "மிக்சி புளி" என்றே போட்டு, மாசி சரக்கிலிருந்து ஆரம்பிக்கிறோம். கணக்கர் ஐயா, மிக்சி புளி என்பதை டிரேட்மார்க் எடுக்க முடியுமா?

ஓசூர்க்காரி அக்கா, கேழ்வரகு பற்றி அம்மாவிடம் சொன்னேன். அவங்க உடனே, "அது சரி, நம்ம வீட்டு மாவுலயே போன வாரம் மண்ணு" என்றார். இந்த வருஷம் இல்லை. ஆனால் மறக்கவில்லை.

கணக்கர்_அரூர் எழுதியது:

கஷ்டம். மிக்சியில் போடுகிற புளி என்று பொருளின் தன்மையைச் சொல்கிற வார்த்தை, ஆட்சேபம் வரும். உங்கள் பேரைப் பெரிதாகப் போட்டு, அதற்குக் கீழே மிக்சி புளி என்று போடுங்கள். வேறு யாராவது காப்பி அடித்தாலும் மேலே இருக்கிற பேர் உங்களுடையது.

ஸ்டாக்கிஸ்ட்_61 எழுதியது:

63ல் 4 என்றால் அழ வேண்டாம் தம்பி, நாலாவது வருஷத்தில் புளிக்கு அது நல்ல கணக்கு. அந்த 200 கிராமில் ஒரு டஜன் எடுத்துக்கொண்டு தர்மபுரி பக்கம் வாருங்கள். பழைய லைன் கடைக்காரர்கள் நாலைந்து பேர் இன்னும் எனக்கு டீ வாங்கித் தருகிறார்கள், அறிமுகப்படுத்துகிறேன். வரும்போது ஒரு சுண்ணாம்புக் கட்டியும் கொண்டுவாருங்கள், பெட்டி மேல் வட்டம் போட.